நம் ஊர் ஊருணிக்குக் காலநிலை ஆபீஸ் எது?

கேள்வி: 21 செப்டம்பர் 2024, இரவு 9.40

காரைக்குடிக்குக் கிழக்கே ஒரு கிராமம். எங்க ஊருணி மூணு வருஷமா நிரம்பவில்லை. மழை பெய்யத்தான் செய்கிறது, தண்ணிதான் வந்து சேரமாட்டேங்குது. பேப்பரைப் பிரித்தால் காலநிலை மாற்றம், டெல்லியில் திட்டம், சென்னையில் இயக்கம் என்று பக்கம் பக்கமாகப் போடுகிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான். இந்தக் கொள்கைக்கெல்லாம் நம்ம பக்கம் ஆபீஸ் எது? யாரிடம் மனு கொடுக்கணும்? என்னைக் கேட்டால் அப்படி ஓர் ஆபீஸே கிடையாது, எல்லாம் காகிதம்.

22 செப்டம்பர், காலை 6.15

ஆபீஸ் இருக்கிறது தம்பி, நிறையவே இருக்கிறது. நான் ஒன்றிய அலுவலகத்தில் 29 வருஷம் கோப்பு பார்த்தவள். ஒரு வேலைக்கு நாலு ஆபீஸ் பொறுப்பு என்றால் கோப்பு எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மேலேயிருந்து வருவோம். 2007-ல் பிரதமர் தலைமையில் காலநிலை மாற்றத்துக்கென்று ஒரு குழு அமைத்தார்கள். அடுத்த வருஷம் ஜூன் 30-ஆம் தேதி தேசியச் செயல்திட்டம் வந்தது. அதில் எட்டு இயக்கங்கள்: சூரிய மின்சாரம், மின் சிக்கனம், நகர வாழிடம், தண்ணீர், இமயமலை, பசுமை இந்தியா, வேளாண்மை, ஆராய்ச்சி. எட்டும் ஒரே அமைச்சகத்தில் இல்லை. சோலார் ஓர் அமைச்சகம், தண்ணீர் இப்போது ஜல் சக்தி, விவசாயம் விவசாய அமைச்சகம் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இமயமலையும் பசுமை இந்தியாவும் ஆராய்ச்சியும் சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம். ஐ.நா. மாநாட்டில் நாட்டுக்காகப் பேசுவதும், நாம் எவ்வளவு புகை விடுகிறோம் என்று கணக்குக் கொடுப்பதும் அதே சுற்றுச்சூழல் அமைச்சகம்தான். அதன் பெயரில் 'காலநிலை மாற்றம்' என்ற சொல்லே 2014-ல்தான் சேர்ந்தது.

இது தவறான ஏற்பாடு என்று நான் சொல்லவில்லை. காலநிலை என்பது மின்சாரம், விவசாயம், ரோடு, வீடு என எல்லாவற்றிலும் கை வைக்கிற விஷயம், ஒரே துறை அதைச் சுமக்க முடியாது. நம் பக்கத்துக் கல்யாண வீட்டில் சமையலுக்கு ஒருவர், பந்திக்கு ஒருவர், சாமான் பரப்ப ஒருவர் என்று ஆளுக்கொரு வேலை பிரித்துக்கொள்வதில்லையா? ஆனால் அங்கே நோட்டுப் புத்தகத்தோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். எது வந்தது, எது வரவில்லை என்று அவரிடம் கேட்டால் தெரிந்துவிடும். அந்த நோட்டுப் புத்தகம் இந்த ஏற்பாட்டில் யாரிடம் இருக்கிறது என்பதுதான் உன் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

மிச்சத்தைச் சாயங்காலம் எழுதுகிறேன்.

22 செப்டம்பர், இரவு 8.05

சரி, சென்னை.

நம் அரசியலமைப்பில் தண்ணீரும் விவசாயமும் மாநிலப் பட்டியல். காடும் மின்சாரமும் பொதுப் பட்டியல். ஆக, டெல்லி தண்ணீர் இயக்கம் என்று அறிவித்தாலும் கண்மாயில் மண்வெட்டி போடுவது மாநிலம்தான். அதனால்தான் 2009-க்குப் பிறகு ஒவ்வொரு மாநிலமும் தன் பங்குக்கு ஒரு செயல்திட்டம் எழுத வேண்டும் என்று வைத்தார்கள். தமிழ்நாடும் எழுதியது, பிறகு அதை 2030 வரைக்கும் புதுப்பித்தும் எழுதியது.

2021-க்குப் பிறகு வேலை வேகம் பிடித்தது. பசுமைத் தமிழ்நாடு இயக்கம், ஈரநில இயக்கம், காலநிலை மாற்ற இயக்கம் என மூன்று. இவற்றை நடத்த அரசே ஒரு கம்பெனி தொடங்கியது, தமிழ்நாடு பசுமைக் காலநிலை நிறுவனம் என்று பெயர். 2022 அக்டோபரில் முதலமைச்சர் தலைமையில் ஓர் ஆட்சிமன்றக் குழு. பொருளாதார அறிஞர் மாண்டேக் சிங் அலுவாலியா, இன்ஃபோசிஸ் நந்தன் நிலேகணி, ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் முன்னாள் தலைவர் எரிக் சோல்ஹைம் எல்லாம் அதில் உறுப்பினர்கள்.

இப்போது உன் கேள்விக்கு நேர்ப் பதில். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு காலநிலை மாற்ற இயக்கம் உண்டு. அதற்கு இயக்குநர் மாவட்ட ஆட்சியர், காலநிலை அலுவலர் மாவட்ட வன அலுவலர். காகிதத்தில் இருப்பதை நீ காகிதம் என்று சொல்லலாம், தப்பில்லை. ஆனால் இந்தக் காகிதம் உன் கையில் ஒரு பிடி. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போகும்போது மனுவின் தலைப்பில் மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கம் என்று எழுதிக்கொண்டு போ. நம் பக்கத்தில் அப்படி எழுதிக் கொடுத்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

23 செப்டம்பர், காலை 5.50

திருத்தம். நேற்றுக் காலை எழுதியதில் ஒரு பிழை. இமயமலை இயக்கமும் ஆராய்ச்சி இயக்கமும் அறிவியல் தொழில்நுட்பத் துறையிடம் இருக்கின்றன. சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம் இருப்பது பசுமை இந்தியா மட்டும்தான். எழுதிவிட்டுப் படுத்த பிறகுதான் உறுத்தியது, எழுந்து பார்த்தேன்.

இன்னொன்று, தனிச் செய்தியில் ஒரு தங்கை கேட்டிருந்தது. நாடு உலகத்துக்குக் கொடுத்த வாக்கு என்ன? 2015-ல் கொடுத்தது: ஒரு ரூபாய் உற்பத்திக்கு எவ்வளவு கரிப்புகை வெளியேறுகிறதோ அந்த அளவை 2005-ஐ வைத்துப் பார்க்கும்போது 2030-க்குள் 33 முதல் 35 சதவீதம் குறைப்பது. 2022 ஆகஸ்டில் அதை 45 சதவீதமாக உயர்த்தினார்கள். மின் உற்பத்தித் திறனில் பாதி நிலக்கரி, எண்ணெய், எரிவாயு அல்லாத வழிகளில் இருக்கும் என்றும் சொன்னார்கள். கிளாஸ்கோ ஐ.நா. மாநாட்டில் 2021-ல் பிரதமர் அறிவித்த 2070 நிகரச் சுழியம் (விடுகிற புகையும் உறிஞ்சப்படுகிற புகையும் சமமாவது) இவற்றுக்கெல்லாம் மேலே நிற்பது. மொத்தப் புகையைக் குறைப்பதாக நாம் சொல்லவில்லை, ரூபாய்க்கு இவ்வளவு என்றுதான் சொல்லியிருக்கிறோம். வளரும் நாட்டுக்கு அது நியாயமான வாக்கு என்றே நினைக்கிறேன். இன்னும் எத்தனையோ வீட்டில் ஒரு ஃபேன்தான் ஓடுகிறது.

25 செப்டம்பர், இரவு 9.20

தண்ணீர் வந்து சேரமாட்டேங்குது என்று எழுதியிருந்தாயே, இரண்டு நாளாக அந்த வரி மனசை விட்டுப் போகவில்லை.

எங்க ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஊருணி நாலு பக்கமும் செம்புறாங்கல் கட்டு, தெற்கே படித்துறை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பத்தா அதில் பித்தளைக் குடத்தைக் கவிழ்த்து, மூன்று தரம் அலசி, நாலாவது தடவைதான் மொள்ளும். ஊருணிக்குள் கால் வைத்தால் அடி விழும். குளிக்கிற குளம் தனி, குடிக்கிற ஊருணி தனி. பெரிய வீடுகளில் வளவு முற்றத்தில் விழுகிற மழையை நாலு மூலையிலும் அண்டா வைத்துப் பிடிப்பார்கள். மிஞ்சியது தெருவோரக் கால்வாயில் ஓடி ஊருணிக்குப் போகும். தெரு, கால்வாய், வரத்துக்கால், ஊருணி எல்லாம் ஒரே வாட்டத்தில் இறங்கும். ஊரை அளந்து போட்டவர்கள் தண்ணீருக்கு வழி விட்டுத்தான் வீட்டுக்கு மனை போட்டிருக்கிறார்கள்.

நான் வேலையில் இருந்தபோது அந்த ஊருணியைத் தூர்வார ஒரு மதிப்பீடு வந்தது. நூறு நாள் வேலை ஆட்கள், ஆறு வாரம். கரம்பை மண்ணை அள்ளிக் கரையில் கொட்டினார்கள், அளவெடுத்து எம் புக் என்கிற அளவுப் புத்தகத்தில் ஏற்றினார்கள், பட்டியல் போட்டது என் கைதான். வேலை சுத்தம். ஐப்பசி வந்தது, மழை வந்தது, ஊருணியின் அடியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். அவ்வளவுதான்.

பிறகு குடையைப் பிடித்துக்கொண்டு வரத்துக்காலோடு நடந்து போய்ப் பார்த்தேன். ரோட்டைத் தாண்டுகிற இடத்தில் ஒரு சிமெண்டுக் குழாய். ரோட்டைப் புதிதாகப் போடும்போதெல்லாம் உயர்த்திக்கொண்டே போனவர்கள் குழாயையும் தூக்கி வைத்துவிட்டார்கள். வாய்க்கால் தரையிலிருந்து குழாயின் வாய் முக்கால் அடி உயரத்தில் இருந்தது. தண்ணீர் ரோட்டுக்கு மேற்கே தேங்கி, அங்கேயே வயலில் பரவி, அங்கேயே வற்றியது. தவளைச் சத்தம் காதைப் பிளந்தது, குழாய்க்குள் ஒரு சொட்டுப் போகவில்லை.

நான் குறிப்பு எழுதினேன். தூர்வாரும் மதிப்பீட்டில் ரோட்டுக் குழாய் இல்லை, அது வேறு அலுவலகம் என்று பதில் வந்தது. அந்த அலுவலகத்துக்கும் எழுதினேன். ஊருணி அவர்கள் பொறுப்பில் இல்லை என்றார்கள். நான் ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. குழாய் அந்த இடத்திலேயேதான் இருக்கிறது.

தம்பி, உங்க ஊரிலும் வரத்துக்காலோடு ஒருமுறை நடந்து பார். ஊருணியில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.

26 செப்டம்பர், பகல் 1.30

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், கண்மாய் யாருடையது, ஊருணி யாருடையது என்று. சுருக்கமாக: 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு, அதாவது அதன் தண்ணீர் பாய்கிற நிலம், இருந்தால் கண்மாய் நீர்வளத் துறையுடையது. 2021 வரை அது பொதுப்பணித் துறைக்குள் இருந்தது. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். ஊருணி கிராம ஊராட்சி. நிலம் புறம்போக்கு என்பதால் வருவாய்த் துறை. வண்டல் எடுக்க அனுமதி முன்பெல்லாம் மாவட்டம் வரை போகும், இந்த வருஷம் வட்டாட்சியரே கொடுக்கலாம் என்று மாற்றியிருக்கிறார்கள். அது உண்மையிலேயே நல்ல மாற்றம். ஒரே ஒரு விதி மாறியதால் வண்டி வண்டியாகக் கரம்பை வயலுக்குப் போவதை ஆவணியில் பார்த்தேன்.

2 அக்டோபர், மாலை 4.45

இன்று கிராம சபை. போனேன். ஊருணியைப் பற்றிப் பேசினேன், பேசவிட்டார்கள். பிளாஸ்டிக், குடிநீர்க் குழாய், தெருவிளக்கு எல்லாம் பேசி முடித்த பிறகுதான் என் முறை. குழாய் விஷயம் தீர்மானத்தில் ஏறவில்லை, 'ஊருணி மேம்பாடு' என்று பொதுவாக எழுதிக்கொண்டார்கள். ஆனாலும் காந்தி ஜயந்தி அன்று எங்க ஊரில் நாற்பது பேர் கூடி உட்கார்ந்து பேசினார்கள். அது எனக்குச் சந்தோஷம்.

9 அக்டோபர், இரவு 10.10

தேவகோட்டை அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார்: "இந்தியாவுக்குக் காலநிலைச் சட்டமே இல்லை. சட்டம் வந்தால் எல்லாம் சரியாகும்." முதல் பாதி உண்மை. நம்முடையது திட்டங்களாலும் அரசாணைகளாலும் ஓடுகிற கொள்கை. காலநிலைக்கென்று முழுமையான தனிச் சட்டம் இல்லை. இந்த வருஷம் உச்ச நீதிமன்றம் ரஞ்சித்சிங் வழக்கில் ஒரு படி மேலே போனது. கானமயில் என்ற பறவையைக் காப்பாற்ற வந்த வழக்கு அது. மின்கம்பியில் மோதிச் செத்துக்கொண்டிருக்கிற பறவைக்காகப் போட்ட வழக்கில், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டிருப்பது 14, 21-ஆம் பிரிவுகளின்படி நமக்கு உரிமை என்று தீர்ப்பில் எழுதினார்கள். படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சட்டம் வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். இப்போது கொஞ்சம் வேறு மாதிரி யோசிக்கிறேன். கென்யா 2016-ல் சட்டம் கொண்டுவந்தது, அதிபர் தலைமையில் தேசியக் குழு வைத்தது. அந்த நாட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் கீழ்த்தட்டு. இசியோலோ, மக்குவேனி, வாஜிர் போன்ற வறண்ட மாவட்டங்களில் காலநிலை நிதி என்று தனியாக ஒதுக்கி, வார்டு அளவில் குழு வைத்தார்கள். எந்தக் குட்டையைச் சரிசெய்வது, எங்கே தடுப்பணை என்று அந்த வார்டுக் குழு முடிவு செய்யும். ஆடு மேய்க்கிறவர் சொல்கிற இடத்தில் குட்டை வெட்டுவார்கள். நேபாளம் 2011 கொள்கையிலேயே காலநிலைப் பணத்தில் குறைந்தது 80 சதவீதம் கீழ்மட்டத்துக்குப் போக வேண்டும் என்று எழுதிவைத்தது. எழுதியபடி முழுக்க நடந்ததா என்பது வேறு பேச்சு. ஆனால் கொள்கையில் அந்த எண் இருந்தால் ஓர் ஊராட்சித் தலைவர் அதைக் காட்டிக் கேட்கலாம்.

நம்மிடம் அந்த எண் இல்லை. 2015-ல், மாறுகிற காலநிலைக்கு ஈடுகொடுக்கிற வேலைகளுக்காகத் தேசியத் தகவமைப்பு நிதி என்று ஒன்று வைத்து நபார்டு வங்கி மூலம் நடத்தினார்கள். மாநிலம் திட்டம் எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுக்கு அதில் மன்னார் வளைகுடா கிடைத்தது. தூத்துக்குடி அருகே கரைந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பவளப்பாறை போட்டார்கள். மிக நல்ல வேலை. ஆனால் அந்த வழியில் ஓர் ஊருணி டெல்லி வரை போய்ச் சேர முடியாது. அதற்கு வேறு வழி வேண்டும்.

13 அக்டோபர், காலை 11.00

சோலார் பற்றிக் கேட்டவருக்கு. பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டம் நல்ல திட்டம். ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். 2015-ல் சோலார் இலக்கை ஒரு லட்சம் மெகாவாட்டாக்கி, அதில் 40,000 மெகாவாட் வீட்டுக் கூரைகளில் என்று வைத்தார்கள். 2022 கெடுவுக்குள் கூரைப் பங்கு எட்டவில்லை.

ஏன் எட்டவில்லை என்று ஊர் ஊராகக் கேட்டால் ஊருக்கொரு பதில் வரும். நம் ஊர்ப் பதில்: வீடு ஒன்று, பங்காளி முப்பது பேர். எங்க தெருவில் ஒரு வீட்டின் ஈ.பி. இணைப்பு இன்னும் ஐயா காலத்துப் பெயரில் இருக்கிறது. அவர் போய் நாற்பது வருஷம். பங்குக்காரர்கள் சென்னை, கோலாலம்பூர், சிங்கப்பூர். அத்தனை பேரிடமும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்கி, பெயர் மாற்றி, பிறகு ஓட்டுக்கூரையில் எங்கே பலகை வைப்பது? வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஆச்சி ஒருவர், எழுபது வயது, "எனக்கு ஒரு ஃபேன் ஓடினால் போதும் ஆத்தா, நூறு யூனிட்டுக்குக் கீழேதான் வருது, பில்லே கிடையாது" என்கிறார். அவர் சொல்வது சரி. கொள்கை எழுதும்போது ஒரு வீட்டுக்கு ஒரு சொந்தக்காரர் என்று வைத்து எழுதிவிடுகிறார்கள். எங்கள் தெருக்கள் அந்தக் கணக்குக்குள் வராது. பூட்டிக் கிடக்கிற வீட்டுத் தெருவுக்குப் பொதுவாக ஒரு புறம்போக்கில் பலகை வைத்துத் தெருவுக்கே மின்சாரம் கொடுக்கலாமே என்று தோன்றுகிறது.

சோலார் மின்சாரம் ராத்திரிக்கு நிற்க வேண்டும் என்றால் பேட்டரி வேண்டும். அந்த ஆராய்ச்சி நம் காரைக்குடி செக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், நடக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் அன்று திறந்த இடம். காரைக்குடிக்குள் வண்டி ஓட்டுகிற எத்தனையோ பேருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும்.

14 அக்டோபர், காலை 6.40

ஆச்சி மறுபடி போன் செய்தார். தெருவுக்குப் பொதுவாக வைத்தால் அவரும் சேர்ந்துகொள்வாராம்.

19 அக்டோபர், இரவு 9.00

புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி தைல மரத் தோட்டங்களை எதிர்த்துக் காரமாக எழுதியிருக்கிறார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இலக்கு 23.7 சதவீதமாக இருக்கிற பசுமைப் பரப்பைப் பத்து வருஷத்தில் 33 சதவீதம் ஆக்குவது. நாட்டு மரங்கள்தான் நடுவோம் என்கிறார்கள், அதை வரவேற்கிறேன். ஆனால் புதுக்கோட்டை விவசாயிகள் பல வருஷமாகச் சொல்லும் குறை, தைல மரத் தோட்டத்தில் மழைத் தண்ணீரை மறித்துப் போடுகிற வரப்பால் கண்மாய்க்கு வரத்து நின்றுபோகிறது என்பது. வானத்திலிருந்து படம் எடுத்தால் அதுவும் பச்சைதான். கண்மாய்க் கரையில் நின்று பார்க்கிறவருக்கு அது வேறு. பசுமை இயக்கமும் ஈரநில இயக்கமும் ஒரே மாவட்டத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினால்தான் இது தீரும். மாவட்டக் காலநிலை இயக்கத்தை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம். அந்த மேசை அங்கேதான் போட முடியும்.

சீமைக்கருவேலத்தைப் பற்றி இங்கே ஆரம்பிக்க வேண்டாம், அதற்குத் தனி இழை வேண்டும்.

30 அக்டோபர், இரவு 7.30

நாளைக்குத் தீபாவளி. முறுக்குப் பிழிந்து கை வலிக்கிறது, ஆனாலும் இரண்டு செய்தி.

ஒன்று, வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அறிவித்திருக்கிறது. வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம். இனி பேரிடர் நிதியிலிருந்து தண்ணீர்ப் பந்தலுக்கும் உப்புக்கரைசலுக்கும் செலவழிக்கலாம். சித்திரை வெயிலில் நூறு நாள் வேலைக்குப் போய் மயங்கி விழுந்த பெண்களை நான் நிழலுக்குத் தூக்கி வந்திருக்கிறேன். அன்றைக்கு அது அவரவர் உடம்புக் கோளாறு என்று போனது. இனிமேல் அப்படி எழுத முடியாது.

இரண்டாவது, கொள்ளுக்குடிப்பட்டி. நம் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கம், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர். 1977-லிருந்து அது சரணாலயம். கண்மாயில் வந்து தங்குகிற நாரைகளும் கொக்குகளும் பயந்துவிடக் கூடாது என்று அந்த ஊரில் வெடி போடுவதில்லை. வனத்துறை தீபாவளிக்கு அவர்களுக்கு இனிப்புக் கொடுக்கும். அங்கே சொந்தக்காரர் வீட்டில் ஒரு தீபாவளிக்கு இருந்திருக்கிறேன். இருட்டில் கண்மாய்ப் பக்கமிருந்து குஞ்சுகளின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஆறு வயது. மத்தாப்பு வேண்டுமா என்று கேட்டேன். "அதுக முழிச்சுக்கிரும்" என்றது. ஈரநிலத்தை எப்படிக் காப்பது என்று சென்னையில் திட்டம் எழுதுகிறவர்கள் அந்தப் பிள்ளையோடு ஒருநாள் உட்கார்ந்து பேச வேண்டும்.

24 நவம்பர், காலை 9.15

நேற்றுக் கிராம சபை. நவம்பர் 1-ல் நடக்க வேண்டியது, தீபாவளியை ஒட்டி விடுமுறை விட்டதால் நேற்றுக்குத் தள்ளிவைத்தார்கள். இன்று விடியற்காலையில் பாகு நகரில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாடு முடிந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் பார்த்ததால் தலை கனக்கிறது.

வளரும் நாடுகள் வருஷத்துக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கேட்டன. 2035-க்குள் வருஷத்துக்குக் குறைந்தது 30,000 கோடி டாலர் திரட்டுவோம் என்பதோடு முடித்தார்கள். இந்தியா எழுந்து எதிர்த்தது. பேசியவர் சாந்தினி ரைனா, நிதி அமைச்சகத்து அதிகாரி. அதைக் கவனியுங்கள். மாநாட்டில் நமக்கு முகம் சுற்றுச்சூழல் அமைச்சகம் என்று முதல் நாள் எழுதினேன். பணப் பேச்சு வரும்போது நிதி அமைச்சகம் முன்னால் வருகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

பணக்கார நாடுகள் கொடுக்க வேண்டியது கடன்பட்ட பணம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நேற்றுச் சபையில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று உறைத்தது. பாகுவில் நாம் என்ன கேட்கிறோமோ அதையே எங்க ஊராட்சி சென்னையிடம் கேட்கிறது. பாதிக்கப்படுவது நாங்கள், பணமும் முடிவும் மேலே. அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் ஊராட்சிக்குக் கொடுக்கலாம் என்று எழுதிய 29 இனங்களில் சிறுபாசனமும் நீர் மேலாண்மையும் இருக்கின்றன. 1993-லிருந்து இருக்கின்றன. மாவட்டக் காலநிலை இயக்கம் தன் திட்டத்தைக் கிராம சபைத் தீர்மானங்களிலிருந்து தொடங்கினால் போதும். ஊருக்கு ஒரு பக்கம். எந்த வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று எல்லா ஊரிலும் நீர்பாய்ச்சியாக இருந்தவர்களின் பிள்ளைகளுக்குத் தெரியும்.

நேற்றும் குழாய் ஏறவில்லை. அளவு கொண்டுவாங்க என்றார் ஊராட்சிச் செயலர். அவர் கேட்டது சரிதான்.

13 டிசம்பர், காலை 7.00

ராத்திரி முழுக்க மழை. விடிந்ததும் போய் நின்றேன். மேற்கே முழங்காலுக்கு மேல் தண்ணீர். தண்ணீர் உயர்ந்து குழாயின் வாயைத் தொட்டபோது மணி ஆறேகால். மெல்லியதாக ஒரு கோடு உள்ளே போனது. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன், விரல் கனத்துக்கு விழுகிறது. ஊருணிக்கு நீர் வருகிறது, ஆனால் வயல் நிரம்பி மிஞ்சிய பிறகு வருகிறது. மேற்கே நாற்று அழுகும்.

கேள்வி கேட்ட தம்பி நேற்றுச் செய்தி அனுப்பியிருந்தார். வரத்துக்காலோடு நடந்து பார்த்தாராம். அவர் ஊரில் குழாய் சரியாக இருக்கிறது, ஒரு மதில் சுவர் குறுக்கே வந்திருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் நடந்து, போட்டோ எடுத்து, புல எண்ணோடு அனுப்பியிருக்கிறார். தம்பி, முதல் நாள் எல்லாம் காகிதம் என்று எழுதியவர் நீங்கள்தானே? மனசு நிறைந்துபோச்சு.

6 ஜனவரி 2025, மாலை 6.20

நேற்றோடு ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்தவர்கள். இனி தேர்தல் வரும்வரை தனி அலுவலர். நான் மூன்று மாதமாகப் பேசிப் பழக்கியவர் இப்போது பொறுப்பில் இல்லை. கீழ்மட்டத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்று இத்தனை எழுதினேன், அந்தக் கீழ்மட்டத்தில் இன்றைக்குத் தேர்ந்தெடுத்த ஆள் இல்லை. அக்டோபர் 9-ல் எழுதிய சட்டப் பேச்சை மறுபடி யோசிக்கிறேன். தேவகோட்டை அண்ணன் சொன்னதில் இன்னும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆள் மாறினாலும் நிற்பதற்கு எழுத்து வேண்டும்.

27 ஜனவரி, காலை 8.30

நேற்றுச் சபைக்கு அளவோடு போனேன். பக்கத்துத் தெருப் பையன்கள் இரண்டு பேர் டேப் பிடித்தார்கள். வாய்க்கால் தரையிலிருந்து குழாயின் அடிவாய் வரை 24 சென்டிமீட்டர். நான் சொல்லிக்கொண்டிருந்த முக்கால் அடியைவிடக் கொஞ்சம் கூடுதல். போட்டோவில் தேதியும் வருகிற மாதிரி எடுத்தார்கள்.

தனி அலுவலர் புதியவர், பொறுமையாகக் கேட்டார். தீர்மானம் இப்படி ஏறியது: வரத்துக்கால் ரோட்டைக் கடக்கும் இடத்தில் உள்ள குழாயை வாய்க்கால் மட்டத்துக்கு இறக்கி அமைக்கக் கோருவது, நகல் ரோட்டுக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கும் ஒன்றியத்துக்கும் மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்துக்கும் அனுப்புவது. மூன்றாவது முகவரியை எழுதும்போது செயலர் பேனாவை நிறுத்திவிட்டு, "அது யாருக்கும்மா போகும்?" என்று கேட்டார். இயக்குநர் ஆட்சியர், அலுவலர் மாவட்ட வன அலுவலர், இரண்டு பேருக்கும் போடுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார்.

தீர்மானம் எண் 11. தம்பி, உங்க ஊர் எண் என்ன?